நூல் நம்பர் வேறு, இழை எண்ணிக்கை வேறு: துணியில் எழுதியிருக்கும் எண்களைப் படிப்பது எப்படி?

படுக்கை விரிப்பின் அட்டையில் ‘600 த்ரெட் கவுண்ட்’ என்று போட்டிருக்கிறது. சட்டைத் துணியின் ஓரத்தில் ‘2/80’ என்று அச்சாகியிருக்கிறது. நூல் கோனில் ‘40 கவுண்ட்’ என்றும், மெல்லிய காலுறையில் ‘20 டெனியர்’ என்றும் இருக்கிறது. இவற்றில் எது நூலின் பருமனைச் சொல்கிறது, எது துணியின் நெருக்கத்தைச் சொல்கிறது என்று தெரியாமல் வாங்குபவர்கள் பலர். அது அவர்கள் தவறில்லை. ‘கவுண்ட்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு அளவுகளுக்கு வைத்திருப்பதுதான் குழப்பத்தின் வேர்.

இந்தக் கட்டுரையில் நூலின் பருமனை ‘நூல் நம்பர்’ என்றும், ஓர் அங்குலத் துணியில் உள்ள இழைகளின் கணக்கை ‘இழை எண்ணிக்கை’ என்றும் பிரித்தே எழுதுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் துணியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். இழை எண்ணிக்கை மட்டும் தனியாக நின்றால் அது ஒன்றையும் சொல்லாது.

நூல் நம்பர்: ஒரு பவுண்டில் எத்தனை சிட்டம்?

நூல் மிருதுவானது. அளவுகோலை வைத்து அதன் விட்டத்தை அளக்கப் போனால் நசுங்கிவிடும். அதனால் பருமனை நேரடியாக அளக்காமல், நீளத்தையும் எடையையும் வைத்துச் சொல்லும் வழக்கம் வந்தது. பருத்தி நூலுக்கு இன்றும் புழங்குவது பழைய ஆங்கிலேய முறை. 840 கஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுவே நூல் நம்பர்.

ஒரு பவுண்டு (453.6 கிராம்) நூலில் 40 சிட்டம் இருந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். அதாவது 33,600 கஜம், ஏறக்குறைய 30.7 கிலோமீட்டர். 100-ஆம் நம்பர் என்றால் அதே ஒரு பவுண்டில் 76.8 கிலோமீட்டர் ஓடும். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

840 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. நூலைச் சுற்றி அளக்கும் ராட்டையின் சுற்றளவு ஒன்றரை கஜம். 80 சுற்று சுற்றினால் 120 கஜம். இதற்கு ‘லீ’ என்று பெயர். ஏழு லீ சேர்ந்தால் 840 கஜம், ஒரு சிட்டம். மில் பரிசோதனைக் கூடத்தில் இன்றும் ஒரு லீயைச் சுற்றி எடை போட்டுத்தான் நம்பர் பார்க்கிறார்கள். கணக்கு எளிது: 64.8-ஐ லீயின் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். லீ 1.62 கிராம் இருந்தால் 40-ஆம் நம்பர், 3.24 கிராம் இருந்தால் 20, 0.81 கிராம் இருந்தால் 80.

பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். அதன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரம் இருப்பதையே வணிகக் கணக்கில் இயல்பு நிலையாக வைத்திருக்கிறார்கள். மழைநாளில் பரிசோதித்த நூல் கனமாகி, நம்பர் குறைவாகக் காட்டும். அனல் காற்றில் உலர்ந்த நூல் நம்பர் கூடுதலாகக் காட்டும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாத அறையில் பார்த்த நம்பரை வைத்து வாங்குபவரும் விற்பவரும் சண்டையிடுவதில் பொருளில்லை.

நம்பரிலிருந்து விட்டம்

நம்பர் இரண்டு மடங்கானால் நூலின் விட்டம் பாதியாகிவிடாது. பாதியாவது எடைதான். விட்டம் பாதியாக வேண்டுமானால் நம்பர் நான்கு மடங்காக வேண்டும். பருத்தி நூலுக்குப் புழக்கத்தில் உள்ள சூத்திரம் இது: ஓர் அங்குலத்தில் பக்கம் பக்கமாக ஒட்டி அடுக்கக்கூடிய நூல்கள் = 28 × √நம்பர்.

- 10-ஆம் நம்பர்: அங்குலத்துக்கு 88 நூல், ஒவ்வொன்றின் விட்டம் சுமார் 0.29 மில்லிமீட்டர்
- 20-ஆம் நம்பர்: 125 நூல், 0.20 மி.மீ.
- 40-ஆம் நம்பர்: 177 நூல், 0.14 மி.மீ.
- 60-ஆம் நம்பர்: 217 நூல், 0.12 மி.மீ.
- 100-ஆம் நம்பர்: 280 நூல், 0.09 மி.மீ.

இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் இழை என்று அட்டையில் வரும்போது இது கைகொடுக்கும்.

டெனியர், டெக்ஸ்: தலைகீழ்க் கணக்கு

பட்டு, பாலியெஸ்டர், நைலான் போன்றவற்றுக்கு முறை வேறு. 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை டெனியர். 1,000 மீட்டரின் கிராம் எடை டெக்ஸ். இங்கே எண் ஏற ஏற நூல் தடிக்கும்.

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற: 590.5-ஐப் பருத்தி நம்பரால் வகுத்தால் டெக்ஸ். 5,315-ஐ வகுத்தால் டெனியர். 40-ஆம் நம்பர் பருத்தி நூல் 14.8 டெக்ஸ், 133 டெனியர். ‘40 டெனியர்’ என்பதும் ‘40 கவுண்ட்’ என்பதும் பக்கத்தில்கூட வராதவை. 40 டெனியர் நூலைப் பருத்திக் கணக்கில் சொன்னால் 133-ஆம் நம்பர் ஆகும்.

லினன், கம்பளி நூல்களுக்கும் தனித்தனி சிட்ட நீளம் உண்டு. லினனுக்கு 300 கஜம், சீவிய கம்பளிக்கு 560 கஜம். ஆகவே ‘60 லினன்’ என்பது 60-ஆம் நம்பர் பருத்தியைவிட நன்றாகத் தடித்தது.

புரி: ‘2/80’ என்றால் என்ன?

கயிற்றைப் பிரித்தால் இரண்டு புரி, மூன்று புரி என்று வரும் அல்லவா, அதேதான் இங்கும். 2/80 என்றால் 80-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. இரண்டு சேர்ந்ததால் எடை இரட்டிப்பாகி, கூட்டு நூலின் பருமன் 40-ஆம் நம்பருக்கு வந்துவிடும். முறுக்கும்போது நீளம் கொஞ்சம் சுருங்குவதால் உண்மையில் 40-ஐவிடச் சற்றுத் தடித்தே இருக்கும்.

அப்படியானால் நேராக 40-ஆம் நம்பர் ஒற்றை நூலே போடலாமே? போடலாம், ஆனால் இரண்டும் ஒன்றாகாது. நூற்கும்போது ஒரு நூலில் ஓரிடத்தில் மெலிவு விழுந்தால், அதே இடத்தில் இன்னொரு நூலிலும் மெலிவு விழுவது அரிது. ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும். அதனால் இரட்டைப் புரி நூல் சீராகவும் உறுதியாகவும், பஞ்சு எழும்பாமலும் இருக்கும். நல்ல சட்டைத் துணிகளில் 2/80, 2/100, 2/120 வருவது இதற்காகத்தான். புரியிட்ட நூல் தரமானது. அந்தப் புரியை எண்ணிக்கையில் ஏற்றிக் காட்டும்போதுதான் தப்பு நடக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

சன்ன நூல் ஏன் அரிது?

நூலின் குறுக்குவெட்டில் எத்தனை பஞ்சிழைகள் இருக்கின்றன என்பதே நூற்பின் எல்லையைத் தீர்மானிக்கிறது. பஞ்சிழையின் சன்னத்தைச் சொல்லும் மைக்ரோனேர் அளவு 4 என்று வரும் சாதாரணப் பருத்தியில் 40-ஆம் நம்பர் நூல் நூற்றால் குறுக்குவெட்டில் சுமார் 94 பஞ்சிழைகள் இருக்கும். அதே பருத்தியில் 100-ஆம் நம்பர் நூற்கப் போனால் 37 மட்டுமே மிஞ்சும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள அவை போதாது. நூல் நூற்கும்போதே அறுந்துகொண்டிருக்கும்.

அதனால் உயர்ந்த நம்பருக்கு மெல்லியதும் நீளமானதுமான பஞ்சு வேண்டும். கிசா, பீமா, சுவின் போன்ற மிக நீண்ட இழைப் பருத்திகள் இதற்கென்றே பயன்படுகின்றன. அத்துடன் குட்டைப் பஞ்சைச் சீவி வெளியேற்ற வேண்டும், இதுதான் கோம்பிங். லேபிளில் ‘கோம்ப்டு’ என்று இருப்பது இந்த வேலையைக் குறிக்கிறது. இதில் கணிசமான பஞ்சு கழிவாகப் போகும். சன்ன நூலின் விலையில் இந்தக் கழிவுக்கும் பங்கு உண்டு.

இழை எண்ணிக்கை

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே பாய்வது ஊடை. ஓர் அங்குல அகலத்தில் உள்ள பாவு இழைகளையும், ஓர் அங்குல நீளத்தில் உள்ள ஊடை இழைகளையும் கூட்டினால் வருவதே இழை எண்ணிக்கை, அதாவது த்ரெட் கவுண்ட்.

துணி வியாபாரத்தில் இதைக் கூட்டாமல் முழுதாக எழுதுவார்கள்: 40 × 40 / 133 × 72. முதல் ஜோடி நூல் நம்பர் (பாவு 40, ஊடை 40). இரண்டாம் ஜோடி அங்குலத்துக்கு இழைகள் (பாவு 133, ஊடை 72). இது நன்கு அறியப்பட்ட பாப்ளின் அமைப்பு. இழை எண்ணிக்கை 205. இந்த நான்கு எண்கள் தெரிந்தால் துணியின் எடை, நெருக்கம், அழுத்தம் எல்லாவற்றையும் காகிதத்திலேயே கணக்கிடலாம். ‘205’ என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் கணக்கிட முடியாது.

இரண்டு துணிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது: 20 × 20 / 60 × 60. இழை எண்ணிக்கை 120. தடித்த நூல், கனத்த துணி.

இரண்டாவது: 100 × 100 / 80 × 72. இழை எண்ணிக்கை 152. கையில் எடுத்தால் எடையே தெரியாத மெல்லிய மல் துணி.

எண்ணிக்கையில் வித்தியாசம் வெறும் 32. ஆனால் முதலாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம், இரண்டாவது 38 கிராம். துணியின் குணத்தை மாற்றியது நூல் நம்பர். ஜீன்ஸ் துணியிலும் அப்படித்தான்: 7 முதல் 10 வரையான நம்பர் நூலில் நெய்வதால் இழை எண்ணிக்கை நூறைச் சுற்றியே இருக்கும். அதன் உறுதியைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை.

ஓர் அங்குலத்தில் எவ்வளவுதான் திணிக்கலாம்?

இனி மேலே கொடுத்த விட்டப் பட்டியலுக்கு வருவோம்.

1. 40-ஆம் நம்பர் நூல் அங்குலத்தில் 177 ஒட்டி அடங்கும். ஆனால் இது நெசவு. இரண்டு பாவு இழைகளுக்கு நடுவே ஊடை ஏறி இறங்க இடம் வேண்டும். சாதா நெசவில் ஒவ்வோர் இழைக்கும் ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே பாதி இடம் போய்விடும்: பாவு 88, ஊடை 88, கூட்டினால் 177-ஐ ஒட்டி வரும்.

2. நடைமுறையில் பாப்ளின் 205 காட்டுகிறதே? நூல் உருண்டையாகவே நிற்பதில்லை, அழுத்தத்தில் தட்டையாகிறது. ஊடையைக் குறைத்துப் பாவை நெருக்கினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. கணக்கைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாகத் திணிக்கலாம் என்பதற்கு இந்தப் பாப்ளினே சாட்சி.

3. சாட்டின் நெசவில் ஏற்ற இறக்கம் குறைவு. ஐந்து இழைக்கு இரண்டு இடைவெளி போதும். 100-ஆம் நம்பர் நூலில் 280-ஐ எடுத்து ஏழில் ஐந்து பங்கு கணக்கிட்டால் ஒரு பக்கம் 200, இரு பக்கமும் சேர்த்து 400. அழுத்தித் திணித்தால் 460.

4. இன்னும் சன்னமான 120-ஆம் நம்பருக்குப் போனாலும் இதே கணக்கில் சுமார் 500-இல் நின்றுவிடும்.

ஒற்றைப் பருத்தி நூலை ஒரே அடுக்காக நெய்தால் எண்ணிக்கை இங்கேதான் முட்டும். அப்படியென்றால் 800, 1000, 1200 என்று விற்பவை எங்கிருந்து வருகின்றன?

எண் எப்படிப் பெருக்கப்படுகிறது?

புரியைத் தனித்தனியாக எண்ணுவது முதல் வழி. அங்குலத்தில் 300 இழை. ஒவ்வொன்றும் இரட்டைப் புரி. 300-ஐ 600 என்று எழுதிவிடுகிறார்கள். நான்கு புரி என்றால் 1,200. நெசவில் ஒரு நூலாக நுழைந்து ஒரு நூலாக வளைவதை நான்கு என்று எண்ணுவது, கயிற்றின் புரிகளை எண்ணிவிட்டு நான்கு கயிறு கொடுத்தேன் என்று சொல்வதுபோல. துணி இழைகளை எண்ணுவதற்கு ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த டி3775 முறையில், புரியிட்ட நூலையும் ஓர் இழையாகவே எண்ண வேண்டும். புரிகளைத் தனித்தனியாக எண்ணலாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் 2005-இல் பதில் அளித்தது. புரிகளால் பெருக்கிக் காட்டும் எண்ணிக்கை வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கக்கூடும் என்றும், ‘300 இழை, இரட்டைப் புரி நூல்’ என்பதுபோல எழுதலாம் என்றும் அது சொன்னது.

இன்னொரு வழி தறியிலேயே நடக்கிறது. பாவு ஒருமுறை திறக்கும்போது ஓர் ஊடைக்குப் பதில் இரண்டு, நான்கு அல்லது அதற்கும் மேலான மெல்லிய ஊடைகளை ஒன்றாகப் பாய்ச்சுவார்கள். அவை முறுக்கப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பதால் புரி என்றும் சொல்ல முடியாது, தனித்தனியாக எண்ணிவிடலாம். இங்கே எண்ணுபவர் பொய் சொல்லவில்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த இழைகள் தனித்தனியாகப் பின்னி நிற்காமல் கற்றையாகக் கிடப்பதால், துணியின் உறுதிக்கு அந்த எண்ணிக்கை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நீளமாக மேலே மிதக்கும் கற்றைகள் உரசலில் பிசிறி உருண்டை உருண்டையாகத் திரளும்.

பாலியெஸ்டர் மைக்ரோஃபைபர் விரிப்புகளில் 1,800 என்றெல்லாம் போடும் எண்ணை இழை எண்ணிக்கை என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நூல் ஒவ்வொன்றும் ஒரு டெனியருக்கும் குறைவான பல மெல்லிழைகளின் கற்றை.

தராசு சொல்லும் உண்மை

எண்ணிக்கையைப் பெருக்கி எழுதலாம். எடையைப் பெருக்க முடியாது. சதுர மீட்டர் எடை (ஜிஎஸ்எம்), இழை எண்ணிக்கை, நூல் நம்பர் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் கட்டுண்டவை. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வரும்:

சராசரி நூல் நம்பர் = 25 × இழை எண்ணிக்கை ÷ ஜிஎஸ்எம்

(கணக்குப்படி வரும் பெருக்கெண் 23.25. நெசவில் நூல் வளைந்து செல்வதால் கூடுதலாகச் செலவாகும் நீளத்தையும் சேர்த்து 25 என்று வைத்துக்கொள்கிறோம்.)

ஒரு விரிப்பின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், பரப்பு 6 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் மடித்து வைத்தால் 930 கிராம். அப்படியானால் ஜிஎஸ்எம் 155. அட்டையில் 1,000 இழை என்றிருந்தால், 25 × 1,000 ÷ 155 = 161. இந்த விரிப்பு முழுக்க 161-ஆம் நம்பர் நூலில் நெய்யப்பட்டது என்று அர்த்தம் வருகிறது. அப்படி ஒரு விரிப்பு அன்றாடச் சந்தையில் கிடையாது. அதே எடைக்கு 60-ஆம் நம்பர் நூல் என்று வைத்துக் கணக்கிட்டால் உண்மை எண்ணிக்கை 370-ஐ ஒட்டி வருகிறது. ‘1,000’-இல் மீதி எல்லாம் புரியும் கற்றையும்தான்.

இன்னொரு விரிப்பு: அட்டையில் 600, எடை 125 ஜிஎஸ்எம். 25 × 600 ÷ 125 = 120. 120-ஆம் நம்பர் நூல் உண்டு, ஆனால் ஒற்றை நூலாக 600 நுழையாது என்று மேலே பார்த்தோம். ஆக இது 2/120 நூலில் நெய்த 300 இழைத் துணியாகவே இருக்க வாய்ப்பு. துணி நல்ல துணிதான். எண் மட்டும் இரட்டிப்பு.

விடை 100-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். 40-க்கும் 80-க்கும் இடையில் வந்தால் அட்டையில் உள்ள எண் நம்பத்தக்கது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. துணியை ஒருமுறை துவைத்து நன்றாக உலர்த்திய பிறகே எடை போடுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி எடையைக் கூட்டி, பொய் எண்ணையும் மெய்போலக் காட்டிவிடும். துவைத்தால் துணி சுருங்குமே என்ற கவலை வேண்டாம். சுருக்கத்தில் எண்ணிக்கையும் ஜிஎஸ்எம்-உம் சேர்ந்தே ஏறுவதால், புதுத் துணிக்கான எண்ணைப் போட்டாலும் வித்தியாசம் சில சதவீதம்தான். அடுத்து, 10 செ.மீ. சதுரத் துண்டு வெட்டி எடை போடும் முறைக்கு 0.01 கிராம் காட்டும் தராசு தேவை. வீட்டுத் தராசில் முழு விரிப்பையும் வைப்பதே மேல்.

நேரடியாக எண்ணிப் பார்க்க

1. துணியின் கரையைக் கண்டுபிடியுங்கள். கரைக்கு இணையாக ஓடுவது பாவு. வெட்டுத் துண்டில் கரை இல்லையென்றால், பொதுவாக நெருக்கமாக இருக்கும் பக்கம் பாவு.
2. கரையிலிருந்து ஒரு சாணாவது தள்ளி எண்ணுங்கள். ஓரத்தில் இழைகள் வேண்டுமென்றே நெருக்கமாக விடப்பட்டிருக்கும்.
3. பிக் கிளாஸ் (இழை எண்ணும் சிறு உருப்பெருக்கி) இருந்தால் அதன் ஓர் அங்குலச் சாளரத்தை வைத்து ஊசி முனையால் ஒவ்வோர் இழையாக நகர்த்தி எண்ணுங்கள். இல்லையென்றால் சரியாக ஓர் அங்குலத் துண்டு வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணுங்கள். சன்னத் துணிக்கு அரை அங்குலம் எண்ணி இரண்டால் பெருக்கலாம். ஆனால் ஓர் இழை தவறினால் விடையில் இரண்டு தவறும்.
4. மூன்று வெவ்வேறு இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள்.
5. உருவிய இழை ஒன்றை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து, முறுக்கு இருக்கும் திசைக்கு எதிராக உருட்டுங்கள். அது இரண்டு முழு நூல்களாகப் பிரிந்தால் இரட்டைப் புரி. பஞ்சாக நெகிழ்ந்து நழுவிப் போனால் ஒற்றை நூல். ஊடையையும் இதேபோல் தனியாகப் பாருங்கள். பாவு ஒற்றையாகவும் ஊடை இரட்டையாகவும் உள்ள துணிகள் உண்டு.

எங்கே பிசகுகிறது?

தறியில் இருக்கும்போது எண்ணியதும், வெளுத்துச் சாயமிட்டு முடித்த பிறகு எண்ணியதும் ஒன்றாக இருக்காது. துணி சுருங்கும்போது இழைகள் நெருங்கி எண்ணிக்கை ஏறும். இழுத்துப் பிடித்து உலர்த்தினால் குறையும். காடாத் துணிக்குச் சொன்ன எண்ணை முடித்த துணியில் தேடி விற்றவரைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அச்சு நம்பரையும் இழை எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பிசகு. அச்சு என்பது தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற சட்டம். பரவலான ஸ்டாக்போர்ட் முறையில் அச்சு நம்பர் என்பது இரண்டு அங்குலத்தில் உள்ள பல்லிடைவெளிகள். 80 அச்சு என்றால் அங்குலத்துக்கு 40 இடைவெளி. ஒவ்வொன்றிலும் இரண்டு இழை கோத்தால் பாவு 80. மூன்று கோத்தால் அதே அச்சில் 120.

நூல் நம்பரில் சிறு ஏற்ற இறக்கமும் கண்ணில் படும். ஒரு தொகுதியில் 40 என்று வந்த ஊடை, அடுத்த தொகுதியில் 38 ஆகிவிட்டால், நூல் மாறிய இடத்திலிருந்து துணியில் குறுக்கே பட்டை விழும். காடாவில் இது சரியாகத் தெரியாது. சாயம் ஏறியதும் பளிச்சென்று தெரியும். அந்தக் கட்டத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை. இரண்டு தொகுதி ஊடையைக் கலக்க வேண்டிவந்தால், இரண்டையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி வித்தியாசத்தைத் துணி முழுவதும் பரப்பிவிடுவதுதான் தறிக்காரர்களின் வழி.

பின்னலாடைக்கு இவற்றில் எது பொருந்தும் என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. டி-ஷர்ட் துணியில் பாவும் ஊடையும் இல்லை, கண்ணிகள்தான் உள்ளன. ஆகவே இழை எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. அங்கே நூல் நம்பர், கண்ணி நீளம், ஜிஎஸ்எம் மூன்றையும் கேளுங்கள். 30-ஆம் நம்பர் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி 140 முதல் 160 ஜிஎஸ்எம் வரை வருவது வழக்கம். அதே நம்பரில் 120-க்குக் கீழே போனால் கண்ணி தளர்வாக விடப்பட்டிருக்கிறது. துவைத்ததும் முறுக்கிக்கொண்டு வடிவம் கெடும்.